1952 டாப்ஸ் மிக்கி மேன்டில் 311: அசலா, மறுஅச்சா? எப்படிப் பார்ப்பது?

வெளியூர்_வாசகன் கேட்டது:

வணக்கம். அமெரிக்காவில் ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில், டாப்ஸ் என்ற கம்பெனி 1952-ல் போட்ட மிக்கி மேன்டில் பேஸ்பால் அட்டை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எண் 311. நீல வானம், தோளில் மஞ்சள் மட்டை, எல்லோரும் படத்தில் பார்த்த அதே அட்டைதான். கிரேடிங் செய்த (சோதித்துத் தர எண் போட்டு மூடிய) பிளாஸ்டிக் பெட்டி இல்லை, வெறும் அட்டை. மூலைகள் மழுங்கி, லேசாகப் பழுப்பேறி இருக்கிறது. "குடும்பத்தில் ரொம்ப நாளாக இருந்தது" என்பதற்கு மேல் விற்பவருக்கு எதுவும் தெரியவில்லை.

என் கேள்விகள்:

1. நேரில் பார்க்கும்போது என்ன கருவி கொண்டுபோக வேண்டும், எதை முதலில் பார்க்க வேண்டும்?
2. இது அவருடைய முதல் அட்டை என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள். எது சரி?
3. விற்காத அட்டைகளைக் கடலில் கொட்டியதால்தான் இவ்வளவு விலை என்பது உண்மையா?
4. கிரிக்கெட் மட்டும் தெரிந்தவனுக்கு, இந்த ஆட்டக்காரர் யார் என்று கொஞ்சம் சொன்னால் நல்லது.

---

அச்சுமை:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அளவுதான் முதலில். பழுப்பு, மூலை, மணம் எல்லாம் அப்புறம். 1952 டாப்ஸ் அட்டை 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். மில்லிமீட்டரில் 66.7 × 95.3. இன்றைய அட்டைகள் 2½ × 3½ அங்குலம், அதாவது 63.5 × 88.9 மி.மீ. டாப்ஸ் கம்பெனியே 1983-ல் இந்தத் தொகுப்பை மறுஅச்சுப் போட்டது. அந்த மறுஅச்சு இன்றைய சின்ன அளவில்தான் வந்தது. பின்பக்கத்தில் மறுஅச்சு என்ற குறிப்பும் இருக்கும். ஏமாற்ற நினைப்பவன் அந்த வரியைச் சுரண்டிவிடுவான். உயரத்தில் குறைந்த 6 மி.மீ.-ஐ எங்கிருந்து கொண்டுவருவான்?

இரும்பு வெர்னியர் வைத்து அட்டையைக் கவ்வாதீர்கள், ஓரம் நசுங்கும். தெளிவான பிளாஸ்டிக் அளவுகோல் போதும். அதைவிட நல்லது ஸ்கேனர். 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் அசல் சுமார் 1575 × 2250 பிக்சல் வரும். 1983 அளவு 1500 × 2100. அந்தக் காலத்து வெட்டு துல்லியமாக இருந்ததில்லை, அரை மி.மீ. முன்பின் இருந்தால் பதற வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் ஒரு மி.மீ.-க்கு மேல் குறைந்தால் யாரோ ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

அளவு சரியாக இருந்தால் அடுத்தது 10 மடங்கு லூப். நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருக்கும் அதே சின்ன லென்ஸ். முகத்தையும் வானத்தையும் பார்க்காதீர்கள், அங்கே அசலிலும் போலியிலும் புள்ளிகள்தான் தெரியும். பெயரின் எழுத்துகள், கீழே உள்ள கையெழுத்து, மேன்டில் ஆடிய யாங்கீஸ் அணியின் சின்னத்தில் உள்ள கறுப்புக் கோடு, இந்த மூன்றையும் பாருங்கள். அசலில் கோட்டு வேலைக்குத் தனித் தகடு, தனிக் கறுப்பு மை. எழுத்து கெட்டியாக, விளிம்பு ஒழுங்காக நிற்கும். அசல் அட்டையைப் படம்பிடித்து மறுபடி அச்சிட்டவனுக்கு எழுத்தும் படமும் ஒன்றுதான். ஆகவே எழுத்துமே பல நிறப் புள்ளிகளாக உடைந்திருக்கும், விளிம்பு மாவரைத்த மாதிரி மங்கும். வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்தது என்றால் புள்ளிகள் வரிசையே இல்லாமல் தூவியது போல் சிதறியிருக்கும். லேசர் அச்சு என்றால் அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள், எழுத்துகள் மட்டும் தனியாக மினுங்கும்.

அட்டையின் கனமும் உள்நிறமும் மூன்றாவது. மழுங்கிய மூலை இருக்கிறது என்கிறீர்கள், அது உங்களுக்கு நல்லதுதான். லூப் வைத்து அந்த மூலையின் உள்ளே பாருங்கள். எழுபது வருட உரசலில் தேய்ந்த மூலை பஞ்சு போல் பிரிந்து, சாம்பல் நிற நார் தெரியும். இன்றைய அட்டையை உப்புக்காகிதத்தில் தேய்த்தால் உள்ளே வெள்ளை வெளேர் என்று இருக்கும், தேய்மானமும் நான்கு மூலையிலும் ஒரே அளவில் இருக்கும். நிஜ வாழ்க்கையில் நான்கு மூலையும் ஒரே மாதிரி அடிபடுவதில்லை.

பழுப்பும் அப்படியே. டீத்தண்ணீரில் நனைத்த அட்டை முன்னும் பின்னும் சீராகப் பழுத்திருக்கும், மடிப்புக்கோடு இருந்தால் கோட்டுக்குள் நிறம் அதிகமாக இறங்கியிருக்கும். தானாகப் பழுத்தது ஓரத்தில் கூடுதலாகவும் நடுவில் குறைவாகவும் திட்டுத் திட்டாக இருக்கும்.

---

கடைக்கோடி:

கறுப்பு விளக்கு என்று சொல்லும் புற ஊதா டார்ச்சை விட்டுவிட்டீர்களே. இருட்டில் பிடித்தால் புதுக் காகிதம் நீல வெள்ளையாக ஒளிரும், பழையது மங்கலாக இருக்கும். ஐந்து நொடி வேலை.

---

அச்சுமை:

வேண்டுமென்றேதான் பின்னால் வைத்தேன். ஒளிரச் செய்வது காகிதத்தில் கலக்கும் வெண்மையூட்டி. இது புழக்கத்துக்கு வந்ததே 1950-களை ஒட்டித்தான். ஆகவே 1910 அட்டைக்கு இது எவ்வளவு உறுதியான சோதனையோ அவ்வளவு உறுதி 1952-க்குக் கிடையாது. அட்டை டியூப்லைட் போல எரிந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள், அது சரி. ஆனால் ஒளிரவில்லை என்பதால் அசல் ஆகிவிடாது. வெண்மையூட்டி கலக்காத காகிதம் இன்றைக்கும் கிடைக்கிறது. பழைய புத்தகத்தின் வெற்றுத்தாளில் அச்சடித்தாலும் ஒளிராது.

அந்த டார்ச்சின் உண்மையான பயன் வேறு. ஓரம் வெளுத்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் நிறம் பூசியிருந்தால், சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. கறுப்பு விளக்கில் அந்த இடம் மட்டும் கறையாகத் தனித்துத் தெரியும். அசல் அட்டையிலும் இந்தத் தில்லுமுல்லு நிறைய உண்டு.

இன்னொன்று. எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் லூப் பிடித்துப் பயனில்லை. 1952 டாப்ஸிலேயே முந்தைய வரிசைகளில், பெரிய பெயர் இல்லாத ஆட்டக்காரரின் அடிபட்ட அட்டை ஒன்றை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். மேன்டிலோடு பார்த்தால் கொசுறு விலைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு கனம், வளைவு, எழுத்தின் கறுப்பு, பின்பக்கத்துச் சொரசொரப்பு எல்லாம் பழகுங்கள். போகும்போது அதையும் எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் கருவியும் இதற்கு ஈடாகாது.

---

பருவம்52:

இரண்டும் மூன்றும் எனக்கு.

முதல் அட்டை இது இல்லை. மேன்டிலின் முதல் அட்டை, டாப்ஸுக்குப் போட்டியாக இருந்த போமன் கம்பெனி 1951-ல் போட்டது, எண் 253. அது 2 1/16 × 3⅛ அங்குலத்தில் சின்னதாக, ஓவியம் போல இருக்கும். 1952-லும் போமன் அவருக்கு அட்டை போட்டது, எண் 101. டாப்ஸில்தான் 1952 அவருக்கு முதல். "முதல் டாப்ஸ் அட்டை" என்பது சரி, "ரூக்கி அட்டை" (புதுமுகமாக வந்தபோது போட்ட முதல் அட்டை) என்பது விற்பவர் வாய்ப்பந்தல். வேடிக்கை என்னவென்றால், உண்மையான ரூக்கி அட்டையைவிட இதற்குத்தான் விலை பல மடங்கு. காரணம் மேன்டில் பாதி, தொகுப்பு பாதி. புரூக்ளினில் டாப்ஸில் வேலை பார்த்த சை பெர்கரும் வூடி கெல்மனும் பெர்கர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து வடிவமைத்தது இது. பெரிய அளவு, அணியின் சின்னம், கையெழுத்தின் நகல், பின்னால் முந்தைய ஆண்டுக் கணக்கும் வாழ்நாள் கணக்கும். இன்றைய பேஸ்பால் அட்டையின் இலக்கணம் இங்கேதான் எழுதப்பட்டது. போமனை 1956-ல் டாப்ஸே வாங்கிவிட்டது.

கடல் கதைக்கு வருவோம். 1952 தொகுப்பில் மொத்தம் 407 அட்டைகள். ஆறு வரிசையாக வெளிவந்தது: 1–80, 81–130, 131–190, 191–250, 251–310, கடைசியாக 311–407. அந்தக் கடைசி வரிசை கடைக்கு வந்தபோது பேஸ்பால் பருவம் முடியும் நேரம். பிள்ளைகளின் காசு அமெரிக்கக் கால்பந்துப் பக்கம் போயிருந்தது, கடைக்காரர்களும் வாங்கவில்லை. பெட்டி பெட்டியாகக் கிடங்கில் தேங்கியது. 1960 வாக்கில் இடம் காலி செய்ய வேண்டி, திருவிழாச் சந்தைக்காரர்களிடம் அடிமாட்டு விலைக்குக் கேட்டுப் பார்த்தும் ஆள் இல்லை. குப்பை லாரிகளில் ஏற்றி, படகில் கொண்டுபோய் அட்லான்டிக்கில் கொட்டினார்கள். இது பெர்கரே பல பேட்டிகளில் சொன்னது.

ஆனால் "கடலில் கொட்டியதால் மேன்டில் அரிது, அரிது என்பதால் விலை" என்று முடிச்சுப் போடுவது தவறு. கணக்கைப் பாருங்கள். கடைசி வரிசையில் 97 எண்கள். அச்சுத்தாளில் 100 இடம். மீதி மூன்று இடத்தை நிரப்ப மூன்று அட்டைகளை இரண்டு தடவை போட்டார்கள். அந்த மூன்றும் 311 மேன்டில், 312 ஜாக்கி ராபின்சன், 313 பாபி தாம்சன். ஆக, அந்த வரிசையில் பெயர் தெரியாத ஆட்டக்காரர் ஒருவரின் அட்டை ஒன்று இருந்தால் மேன்டில் இரண்டு இருக்கும்! மொத்தமாகப் பார்த்தால் கடைசி வரிசை முழுதும் கிடைப்பது குறைவுதான், மறுக்கவில்லை. அந்த வரிசைக்குள் மேன்டில்தான் அதிகம். இவ்வளவு விலை கொடுக்க வைப்பது அட்டையின் எண்ணிக்கை அல்ல, அதை வேண்டும் என்பவர்களின் எண்ணிக்கை.

இந்த இரட்டை அச்சு சோதனைக்கும் உதவும். இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக வேலை செய்ததால் இரண்டு வகை மேன்டில் உண்டு. பின்பக்கத்தில் எண் இருக்கும் சின்னப் பந்தின் தையல், ஒரு வகையில் ஒரு பக்கம் பார்த்திருக்கும், மற்றதில் எதிர்ப்பக்கம். முன்பக்கத்துச் சின்னத்தின் கறுப்பு வெளிக்கோட்டிலும் வித்தியாசம் உண்டு. இரண்டுமே அசல்தான், ஆகவே இணையத்தில் ஒரு படத்தோடு ஒப்பிட்டுவிட்டுத் "தையல் மாறியிருக்கிறது, போலி" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முன்பக்கம் ஒரு வகையாகவும் பின்பக்கம் இன்னொரு வகையாகவும் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். இரண்டு வேறு அட்டைகளின் படத்தை எடுத்து ஒட்டிய வேலை அது.

---

வெளியூர்_வாசகன்:

97-ம் 3-ம் நூறு. இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை. நன்றி. அப்படியானால் ஏலத்தில் கேட்கிற கோடிகள் எல்லாம்?

---

நாலுமூலை:

அந்தக் கோடிகள் இந்த அட்டைக்கு அல்ல, இந்த அட்டையின் நிலைக்கு. பிஎஸ்ஏ, எஸ்ஜிசி என்பவை அட்டைகளைச் சோதித்து 10 வரை தரம் போடும் நிறுவனங்கள். 2018 ஏப்ரலில் பிஎஸ்ஏ தரம் 9 ஒன்று 28.8 லட்சம் டாலர். 2021 ஜனவரியில் இன்னொரு தரம் 9, 52 லட்சம் டாலர். 2022 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் எஸ்ஜிசி தரம் 9.5 ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலர். அந்தக் கடைசி அட்டை, 1986-ல் ஆலன் ரோசன் என்ற வியாபாரி மாசசூசெட்ஸில் கண்டெடுத்த குவியலிலிருந்து வந்தது. பிள்ளைகள் கை படாத கடைசி வரிசை அட்டைகள் கத்தையாக அதில் இருந்தன. இன்றைக்கு உயர்ந்த தரத்தில் சுற்றும் மேன்டில்களில் கணிசமானவை அந்தக் குவியல்தான். பிஎஸ்ஏ தரம் 10 வாங்கியவை உலகத்தில் மூன்றே மூன்று.

நீங்கள் சொன்ன மாதிரி மூலை மழுங்கிப் பழுத்த அட்டை, அசலாகவே இருந்தாலும், தரம் 1 முதல் 3-க்குள்தான் விழும். அதுவும் பத்தாயிரம் டாலரைத் தாண்டும் என்பதால் அலட்சியப்படுத்த முடியாது. இங்கே தரம் ஒரு படி கூடினால் விலை கூடுவது மாடிப்படி மாதிரி இல்லை, செங்குத்துப் பாறை மாதிரி. ஆகவேதான் ஓரத்தை வெட்டுகிறார்கள், மடிப்பை அழுத்துகிறார்கள், கறையைக் கழுவுகிறார்கள்.

நடுநிலை, அதாவது படம் அட்டையின் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த அட்டையில் பெரும்பாலும் அடிபடுவது அங்கேதான். இடது வெள்ளை ஓரத்தையும் வலது வெள்ளை ஓரத்தையும் அளந்து கூட்டுங்கள். இடது 2 மி.மீ., வலது 3 மி.மீ. என்றால் மொத்தம் 5. மூன்றில் இரண்டு என்று பார்க்காமல் ஐந்தில் மூன்று என்று பாருங்கள்: 60/40. மேல் கீழுக்கும் இதேபோல. பிஎஸ்ஏ தரம் 8-க்கு முன்பக்கம் 65/35, தரம் 7-க்கு 70/30 வரை பொறுத்துக்கொள்வார்கள். மூலை கூராக இருந்தும் நடுநிலை போனதால் தரம் சரிந்த மேன்டில்கள் ஏராளம்.

வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, அட்டையை மேசையில் நிமிர்த்திப் பிடித்து ஓரத்தை மட்டும் லூப்பில் பாருங்கள். தொழிற்சாலை வெட்டில் நார் கொஞ்சம் பிசிறாக, நான்கு ஓரமும் ஒரே வயதில் இருக்கும். மூன்று ஓரம் அழுக்கு, ஒன்று மட்டும் பளிச்சென்று வழவழப்பு என்றால் அது பிற்கால பிளேடு. ஓரம் உட்பக்கமாகக் குழிந்து வளைந்திருந்தாலும் அதுவே. மழுங்கிய அட்டையில் ஒரே ஒரு மூலை கூராக இருப்பதும் கெட்ட அறிகுறி. வெட்டியது தெரிந்தால் பிஎஸ்ஏ எண் போடாது, திருத்தப்பட்டது என்று லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்பும்.

---

பருவம்52:

நாலாவது கேள்வி விட்டுப்போனது.

மிக்கி மேன்டில், பிறப்பு 1931 அக்டோபர் 20, ஓக்லஹோமா மாநிலம் ஸ்பாவினா. வளர்ந்தது காமர்ஸ் என்ற ஊரில். அப்பா மட் மேன்டில் ஈயம், துத்தநாகச் சுரங்கத் தொழிலாளி, பேஸ்பால் பைத்தியம். மிக்கி காக்ரேன் என்ற ஆட்டக்காரரின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார். சின்ன வயதிலேயே இரண்டு பக்கமும் நின்று அடிக்கப் பழக்கினார். கிரிக்கெட்டில் பந்து வரும்போது கையை மாற்றும் சுவிட்ச் ஹிட் வேறு. இங்கே பந்து வீசுபவர் வலக்கை என்றால் இடப்பக்கம் நிற்பார், இடக்கை என்றால் வலப்பக்கம் நிற்பார். அட்டையின் பின்னால் இரண்டு பக்கமும் அடிப்பவர் என்று குறித்திருப்பது இதைத்தான்.

யாங்கீஸ் அணிக்கு 1951-ல் 19 வயதில் வந்தார். முதலில் 6-ஆம் எண் சட்டை. நடுவில் ஆட்டம் சரிந்து கான்சஸ் சிட்டியில் இருந்த கீழ்மட்ட அணிக்கு அனுப்பினார்கள், திரும்பி வந்தபோது 7. அந்த ஆண்டு 96 ஆட்டம், சராசரி .267, ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) 13, ஓட்டிக்கொடுத்த ரன் (இவர் அடித்ததால் அணிக்கு வந்தவை) 65. அட்டையின் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். ஒரே பருவம் ஆடியவர் என்பதால் சென்ற ஆண்டும் வாழ்நாளும் ஒன்றே. அக்டோபர் 5, பருவ முடிவில் பட்டத்துக்காக நடக்கும் உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டம். வில்லி மேஸ் தூக்கி அடித்த பந்து. நடுக்களத்தில் ஜோ டிமாஜியோ, வலப்பக்கம் மேன்டில். டிமாஜியோ தனக்கென்று கூப்பிட, ஓடிவந்தவர் சட்டென்று நிற்கப்போய், புல்தரையில் இருந்த வடிகால் மூடியில் காலணி ஆணி மாட்டி முழங்கால் போனது. அதற்குப் பிறகு ஆடிய பதினேழு பருவமும் அந்தக் காலோடுதான்.

டிமாஜியோ அந்த டிசம்பரில் ஓய்வு பெற்றார். 1952-ல் நடுக்களம் மேன்டிலுக்கு வந்தது. மே மாதம் அப்பா ஹாட்ஜ்கின்ஸ் நோயில் இறந்தார். அந்தப் பருவம் முடிந்தபோது அவருடைய சராசரி .311. அட்டை எண்ணும் 311, தற்செயல்தான். ஆயிரம் பந்துக்கு 311 என்று கிரிக்கெட்காரர்கள் வாசிக்க வேண்டாம். மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனை முறை அடித்துத் தளத்தை எட்டினார் என்ற விகிதம். .300 தாண்டினாலே நல்ல ஆட்டக்காரர்.

மற்றதைச் சுருக்கிச் சொல்கிறேன். 1956-ல் மும்முடி: சராசரி .353, ஹோம் ரன் 52, ஓட்டிக்கொடுத்தது 130, மூன்றிலும் லீகில் முதலிடம். மூன்று முறை லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் (1956, 1957, 1962). ஏழு உலகத் தொடர் பட்டம். உலகத் தொடர்களில் மட்டும் 18 ஹோம் ரன், அதை இன்னும் யாரும் தாண்டவில்லை. 1961-ல் சக ஆட்டக்காரர் ராஜர் மாரிஸ் 61 அடித்தபோது இவர் 54. வாழ்நாள் 536. 1969-ல் ஓய்வு, 1974-ல் ஹால் ஆஃப் ஃபேம், 1995 ஆகஸ்ட் 13-ல் மறைவு. இன்றைக்குக் காசு உள்ள அமெரிக்கத் தாத்தாக்கள் பத்து வயதில் சுவரில் ஒட்டிய முகம் இது. விலையின் பாதி விளக்கம் அங்கே இருக்கிறது.

---

கடைக்கோடி:

இந்தத் தொகுப்பில் வேடிக்கையான இன்னொரு விலை உண்டு. எண் 1, ஆன்டி பாஃப்கோ. மேன்டில் அளவுக்குப் பெயர் இல்லை. ஆனால் பிள்ளைகள் அட்டைகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டார்கள், மேலே இருந்த பாஃப்கோதான் அத்தனை அடியும் வாங்கினார். நல்ல நிலையில் உள்ள பாஃப்கோ ஏலத்துக்கு வந்தால் விலையைப் பார்த்துக் கண்ணைக் கசக்குவீர்கள். கடைசியில் இருக்கும் 407 எடி மாத்யூஸுக்கும் அதே தலையெழுத்து. கூடுதலாக அது அவருடைய முதல் அட்டையும்கூட.

---

வெளியூர்_வாசகன்:

வாங்க நேர்ந்தால் எதில் வைப்பது? வழக்கமான பிளாஸ்டிக் உறை கையில் இருக்கிறது.

---

நாலுமூலை:

அந்த உறையில் திணிக்காதீர்கள். சாதாரண மெல்லிய உறை 2⅝ × 3⅝ அங்குலம். இந்த அட்டையின் உயரமே 3¾. மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், அகலத்திலும் இறுகும், நுழைக்கும்போதே மூலை போய்விடும். 1952–56 டாப்ஸ் அளவுக்கென்று விற்கும் பழைய அட்டை உறையைக் கேட்டு வாங்குங்கள். பிவிசி கலக்காததா என்று பாருங்கள், பிவிசி நாளாவட்டத்தில் கசிந்து அட்டையில் ஒட்டும். உறைக்கு மேல் கார்டு சேவர் 1 என்ற அரை விறைப்புத் தாங்கி. கிரேடிங்குக்கு அனுப்பவும் அதுதான் வசதி.

நான்கு மூலையிலும் திருகு போட்டு முடுக்கும் கனமான பழைய பிளாஸ்டிக் பலகை எங்கே கண்டாலும் ஒதுக்கிவிடுங்கள். பாதுகாப்பு என்று நினைத்து முடுக்கிய அழுத்தத்தில் அட்டை தட்டையாகி விரிந்து, அளவே மாறி, கடைசியில் திருத்தப்பட்ட அட்டை என்று திரும்பி வந்தவை உண்டு. கறையைத் துடைக்கவும் வேண்டாம். ஈரத்துணி, அழிரப்பர், எதுவும் வேண்டாம். வைக்கும் இடம் வெயில் படாமல், ஈரப்பதம் 40–50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும்.

எதிர்காலத்தில் பெட்டியோடு ஒன்று கண்ணில் பட்டால், பெட்டி இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள், பெட்டியே போலியாக வருகிறது. லேபிளில் உள்ள சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருப்பது மட்டும் போதாது, உண்மையான எண்ணைத்தான் திருடி ஒட்டுவார்கள். தளத்தில் படம் இருந்தால் ஓரத்தின் அகலம், அச்சுப் புள்ளி, மூலைத் தேய்மானம் ஒவ்வொன்றாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெட்டியின் விளிம்பைத் திறந்து மறுபடி ஒட்டியிருந்தால் அங்கே வெள்ளை பூத்திருக்கும்.

---

வெளியூர்_வாசகன்:

நேரில் போகும் முன் ஸ்கேன் அனுப்பச் சொன்னேன். வந்திருக்கிறது. அட்டை மட்டும் அளந்தால் 1002 × 1402 பிக்சல். எத்தனை டிபிஐ என்று அவருக்குத் தெரியவில்லை. இதை வைத்து எதுவும் சொல்ல முடியாதுதானே?

---

அச்சுமை:

சொல்லலாம். டிபிஐ தெரியாவிட்டால் விகிதத்தைப் பாருங்கள். உயரத்தை அகலத்தால் வகுத்தால் அசலுக்கு 3.75 ÷ 2.625 = 1.43. இன்றைய அளவுக்கு 3.5 ÷ 2.5 = 1.40. உங்களுடையது 1402 ÷ 1002 = 1.399.

இருந்தாலும் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். அட்டைக்குப் பக்கத்தில் 25 சென்ட் நாணயம் ஒன்றை வைத்து மறுபடி ஸ்கேன் அனுப்பச் சொல்லுங்கள். நாணயத்தின் விட்டம் 24.26 மி.மீ. அசலின் அகலம் அதைப்போல 2.75 மடங்கு இருக்க வேண்டும். 2.62 மடங்கு வந்தால் 63.5 மி.மீ. அட்டை.

---

வெளியூர்_வாசகன்:

வந்தது. நாணயம் 382 பிக்சல், அட்டை 1001. வகுத்தால் 2.62. பின்பக்கத்தையும் அனுப்பியிருக்கிறார், மறுஅச்சு என்று எங்கும் எழுதவில்லை.

---

நாலுமூலை:

அசல் இல்லை. பின்பக்கத்தை மேசை விளக்கில் தாழ்வாகச் சாய்த்து ஒரு படம் கேளுங்கள். எழுத்து இல்லாத இடத்தில் மேற்பரப்பு சொரசொரப்பாக, நார் எழும்பி, பக்கத்தைவிட வெளுத்திருந்தால் 1983 மறுஅச்சின் வரியைச் சுரண்டிய இடம் அது. அந்த மறுஅச்சையும் மறுஅச்சு என்று தெரிந்தே வாங்கிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சுரண்டியது என்றால் அந்த மதிப்பும் போச்சு. விற்பவருக்கு இது தெரியாமலே இருக்கலாம். அளவைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.